அதுக்கு இலவசமாவே ஒண்ணு இருக்கே!

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆளைத் தெரியும். எங்கோ ஒரு காத்திருப்பு அறையில் நீங்கள் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம், "கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன்" என்று சொல்லியிருப்பீர்கள். நாலு நாற்காலி தள்ளி ஒரு தலை நிமிர்ந்திருக்கும். அந்த முகத்தில் ஓர் இரக்கம் தெரிந்திருக்கும். வீட்டில் திருட்டுப் போனவர்களை விசாரிக்க வருகிறவர்கள் கொண்டுவரும் அதே இரக்கம். பிறகு ஒரு குரல்:

"காசு குடுத்தா வாங்கினீங்க?"

ஆமாம் என்றிருப்பீர்கள். வேறு எப்படி வாங்குவது? அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

"அதுக்கு இலவசமாவே ஒண்ணு இருக்கே!"

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் சாவிக்கொத்தில் குட்டிப் பொம்மை தொங்கவிடுவார்கள். இவர்கள் பென் டிரைவ் தொங்கவிடுவார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உங்களைப் பார்ப்பதில்லை, மேஜையைப் பார்ப்பார்கள். உட்காரச் சொன்னால் கணினிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்த கையோடு எதையோ அழுத்திப் பார்த்து, "ம்ச்" என்று ஓர் ஓசை எழுப்புவார்கள். அந்த "ம்ச்" வந்துவிட்டதென்றால் நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடலாம். "பத்தே நிமிஷம்" என்பார்கள். சாயங்காலம் ஆகும்.

அவர்கள் கொண்டுவரும் பொருளில் குறை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். முகம் தெரியாத யார் யாரோ வேலை மெனக்கெட்டு எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் நல்ல பொருள் அது. நம் பேச்சு பொருளைப் பற்றி அல்ல. அதை உங்கள் தலையில் கட்ட வருகிறவரைப் பற்றி.

நாம் எடுத்துக்கொண்ட ஆளுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'விடுதலை'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் எழுந்து நின்று, கையைத் தட்டித் தூசியை உதறி, "உங்க கம்ப்யூட்டருக்கு இன்னிக்குத்தான் விடுதலை" என்று அவர் சொல்லிச் சொல்லி, அது அவருக்கே ஒட்டிக்கொண்டது. லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். அந்தக் கம்பெனியில் இருக்கும் அத்தனை மென்பொருளும் காசு கொடுத்து வாங்கியவை. காலை முதல் மாலை வரை அவற்றிலேயே வேலை செய்துவிட்டு வருவார். கேட்டால், "ஆபீஸ் விஷயம் வேற" என்பார். எப்படி வேறு என்று இதுவரை யாருக்கும் விளங்கவில்லை.

அவர் விடுவித்தவர்கள் பலர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான மாமனார், கணினியில் சீட்டு விளையாடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர், ஒருநாள் மதியத் தூக்கம் முடிந்து எழுந்து வந்து பார்த்தால் சீட்டுக்கட்டைக் காணோம். அந்த இடத்தில், புது மென்பொருளின் சின்னமாம், பென்குயின் ஒன்று உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, என் சீட்டு?"

"அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு மாமா. மூலநிரல் திறந்தே கிடக்கு. பிடிக்கலைன்னா நீங்களே மாத்திக்கலாம்."

"எனக்கு கியர்தான் மாப்பிள்ளை மாத்தத் தெரியும்."

"பழகிடும் மாமா."

பழகிடும். இந்த இனத்தார் எல்லா நோய்க்கும் கொடுக்கும் மருந்து இது ஒன்றுதான். அச்சுப்பொறி அச்சடிக்கவில்லையா? பழகிடும். ஒலி வரவில்லையா? பழகிடும். பல் மருத்துவர் ஒருவரிடம் பல் பிடுங்கப் போன விடுதலை, ஊசி போட்டு வாய் மரத்துப்போகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல், அவருடைய கணினியில் கை வைத்தார். அன்றிலிருந்து அங்கே எக்ஸ்ரே படங்கள் பக்கவாட்டில் படுத்தபடிதான் தெரிகின்றன. மரத்துப்போன வாயோடு விடுதலை சொன்ன ஒரே சொல் என்ன என்று உங்களுக்கே தெரியும். மருத்துவருக்குப் பழகியும்விட்டது; இப்போதெல்லாம் அவர் யாரைப் பார்த்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் பார்க்கிறார்.

விடுதலையின் கைக்கு எட்டாமல் ஒரே ஒரு கணினி மிச்சம் இருந்தது. அது அவர் வீட்டுப் பின்னறையில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே, அவர் மனைவியின் மேஜையில் இருந்தது.

அவள் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறவள். அழைப்பிதழ், ஆண்டு மலர், கல்லூரி ஆய்வேடு, மருந்துக்கடைத் துண்டறிக்கை என்று வந்ததையெல்லாம் செய்து கொடுப்பவள். எழுதியவர் பெயர் இருக்கும், அச்சிட்டவர் பெயர் இருக்கும், நன்றியுரையில் எழுதியவருடைய பூனையின் பெயர்கூட இருக்கும். அவள் பெயர் எங்கேயும் இருக்காது. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் புத்தகம் வந்ததும் முதலில் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பாள்.

இந்த முறை பெயர் வரப்போகிறது. குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்று, 'வாடகை வீடு தேடிய நத்தை' என்ற படப் புத்தகத்தை அவளிடம் கொடுத்திருந்தது. பதிப்பகத்து அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "பக்க வடிவமைப்புன்னு உங்க பேரு உள்ளே வரும். இது நல்லா வந்தா, வரிசையில வர்ற எல்லாப் புத்தகமும் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் பக்கங்கள் அச்சகத்தில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கணவரிடம்தான் சொன்னாள்.

"புத்தகத்துல என் பேரு வரப்போகுதுங்க."

விடுதலை தட்டிலிருந்து நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"எந்த சாஃப்ட்வேர்ல பண்றே?"

அந்த வாரம் அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. வேலையை ஏறக்குறைய முடித்து, ஒரு பிரதி அச்செடுத்துத் திருத்தங்களைச் சிவப்பு மையில் குறித்து, அதை மேஜையில் வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "என் கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க" என்று சொல்லத்தான் நினைத்தாள். பேருந்து வந்துவிட்டது.

விடுதலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. மனைவிக்கு வாழ்க்கையில் நல்ல காலம் பிறக்கிறது, இந்த நேரத்தில் அவளுக்குத் தன்னால் ஆன பரிசு ஒன்று கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டார். பழைய மென்பொருளை வேரோடு பிடுங்கி, புதியதை நிறுவி, திரையைத் துடைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் விசைகளின் இடுக்கில் இருந்த தூசியைக்கூட எடுத்தார். அவளுக்கு ஏரி பிடிக்கும் என்று திரையில் மலையும் ஏரியுமாக ஒரு படம் வைத்தார். இவ்வளவு அன்பாக யாரும் யாருக்கும் கெடுதல் செய்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு நேரே பின்னறைக்குப் போனாள். ஏரியைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"விடுதலை" என்றார் விடுதலை.

"என் வேலையெல்லாம் எங்கே?"

"எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணு விடாமக் காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் கை வெச்சேன். என்னை என்னன்னு நெனச்சே?"

அது உண்மைதான். அவள் செய்த வேலை அத்தனையும் ஒன்று குறையாமல் இருந்தது. எதுவும் திறக்கவில்லை, அவ்வளவுதான். அவற்றைத் திறக்கத் தெரிந்த பழைய மென்பொருள் போய்விட்டது. அதோடு அவள் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்களும் போய்விட்டன. வற்புறுத்தித் திறந்தால் பக்கம் பக்கமாகக் கட்டமும் கேள்விக்குறியும் கொட்டின. நத்தையின் படங்கள் தனியாக இருந்ததால் தப்பித்தன. கதையைக் காணோம். திருடன் வந்தாலும் எடுத்துப்போக முடியாத அளவுக்கு அது பத்திரமாக இருந்தது.

"பழையபடி போட்டுக் குடுங்க."

"எதுக்கு? இதுல பக்கம் அமைக்க இலவசமாவே ஒண்ணு..."

"பழையபடி போட்டுக் குடுங்க. அந்த சாஃப்ட்வேர் சி.டி. எங்கே?"

விடுதலையின் பார்வை பால்கனிப் பக்கம் போனது. அங்கே கம்பியில் பளபளவென்று நாலு துண்டுகள் நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

"புறா ரொம்ப அசிங்கம் பண்ணுதுன்னு நீதானே சொன்னே" என்றார் மெதுவாக.

அவள் கத்தவில்லை. அந்தப் பழைய மென்பொருளை இன்னும் வைத்திருக்கும் ஒரே ஆள் கடைத்தெருவின் ஜெராக்ஸ் கடைக்காரர் என்பது நினைவுக்கு வந்து, அவருக்குப் போன் போட்டாள். இரண்டு நாளைக்கு உங்கள் கணினியில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

"அதுவாம்மா? போன மாசமே உங்க வீட்டுக்காரர் வந்து மாத்திக் குடுத்துட்டாரே" என்றார் அவர். "நல்ல மனுஷன்மா. ஒரு பைசா வாங்கலை."

அவள் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடும் சத்தம் கேட்கவில்லை. விடுதலைக்கு முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவர் கேட்டது அன்றுதான்.

இந்த மாதிரி நேரத்தில் சாதாரண மனிதர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். இந்த இனத்தார் மன்றத்தில் கேட்பார்கள். இதே மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்று உண்டு. விடுதலை அங்கே போய் அவசர உதவி கேட்டார். முதலில் வந்தவர், கேள்வியைத் தவறான பிரிவில் கேட்டிருப்பதாகக் கண்டித்தார். இரண்டாவதாக வந்தவர், நீங்கள் நிறுவியிருக்கும் வகையே சரியில்லை, அதற்கு இன்னொரு வகை இருக்கிறதே என்றார். விடுதலைக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எந்த வகை உயர்ந்தது என்று இருவரும் சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றார்கள். அதில் நம் ஆள் ஜெயித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மனைவியிடம் வந்து அதைச் சொல்லவும் செய்தார்.

சனிக்கிழமை காலை அவள் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். அதே மன்றத்தில் நாலு வரி எழுதினாள். நான் பக்கம் அமைக்கிறவள், நாளை மறுநாள் ஒரு குழந்தைப் புத்தகம் கொடுக்க வேண்டும், உங்கள் மென்பொருளை நேற்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன், எங்கே தொடங்குவது?

பல் துலக்கிவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. 'ஆந்தை' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஒரே வரி: "கவலைப்படாதீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேலை பண்ணணும்?"

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது, சி.டி. போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

ஆந்தை சொல்லிக் கொடுத்தார், இவள் செய்தாள். படம் வைப்பது எப்படி, ஓரம் விடுவது எப்படி, இலவசமாகவே கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் எங்கே. மத்தியானத்துக்குள் கைக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. ஆனால் கதையை முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதற்கு இருந்தது சிவப்பு மைத் திருத்தங்களோடு கூடிய அந்தக் காகிதப் பிரதி மட்டும்.

"இங்கே வாங்க" என்றாள். "படிங்க. நான் அடிக்கிறேன்."

விடுதலை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். லிப்ட் பரிசோதனை அறிக்கை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். "ஒரு ஊரில் ஒரு நத்தை இருந்தது. முற்றுப்புள்ளி. அது வாடகைக்கு வீடு தேடியது. முற்றுப்புள்ளி."

"முற்றுப்புள்ளியெல்லாம் எனக்குத் தெரியும். கதையை மட்டும் படிங்க."

அவர் படித்தார். நத்தை எறும்பிடம் வீடு கேட்டது. எறும்பு, இடம் இல்லை என்றது. தவளையிடம் கேட்டது; தவளை, ஈரம் தாங்குவாயா என்று விசாரித்தது. படிக்கப் படிக்க அவர் குரலிலிருந்து லிப்ட் இறங்கிப் போய்விட்டது. இடையில் நிறுத்தி, இந்தப் பக்கத்தில் ஏன் ஒரே ஒரு வரி, மீதி இடமெல்லாம் வீணாகிறதே என்று கேட்டார். குழந்தை அங்கே விரல் வைத்து நத்தை போன வழியைத் தடவிப் பார்க்கும், அதற்காக விட்டது என்றாள் அவள். கணினியில் மனிதர்கள் எதையாவது செய்கிறார்கள் என்பதை அவர் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம். ஊரெல்லாம் அலைந்த நத்தை களைத்துப்போய், "எனக்கென்று ஒரு வீடு எங்கே கிடைக்கும்?" என்று அழுகிறது. விடுதலைக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அதுக்குத்தான் முதுகுலேயே இலவசமா ஒண்ணு இருக்கே!"

அவள் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. விசைப்பலகை மேலே கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் திரையில் நாற்பது 'க' விழுந்தது. அதைப் பிறகு அழித்தாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சிரித்தது தனிக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலை பக்கங்கள் அச்சகத்தில் இருந்தன. பதிப்பகத்து அம்மாள் பார்த்துவிட்டு, "எழுத்து கண்ணுக்கு ரொம்ப நல்லா இருக்கே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அது பெரிய கதை என்றாள் அவள்.

புத்தகம் வந்த அன்று உள்பக்கத்தைப் புரட்டினாள். பெயர் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அவள் கேட்டுச் சேர்த்த ஒரு வரி: நன்றி, ஆந்தைக்கு. அவள் தன் பெயரின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், நத்தை போன வழியைப் போல. விடுதலையும் எட்டிப் பார்த்தார். அவர் கண் பக்கம் முழுக்க ஏறி இறங்கியது.

"என்ன தேடறீங்க?"

"எந்த சாஃப்ட்வேர்ல செஞ்சதுன்னு போடலையே?" என்றார். பிறகு, இதைச் சொல்லாமல் அவரால் உயிரோடு இருக்க முடியாது என்பதால், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

"சாவிக்கொத்தைக் குடுங்க."

கொடுத்தார். அவள் வளையத்தை விரித்து, பென் டிரைவை மட்டும் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, சாவிகளைத் திருப்பிக் கொடுத்தாள். கொத்து ரொம்ப லேசாக இருந்தது. ஒரு வாரம் வரை விடுதலை வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எதையோ தொலைத்துவிட்டவர் போல அதையே பார்த்தார்.

"பழகிடும்" என்றாள் அவள்.

இத்தோடு அந்த வீட்டில் இந்த வியாதி ஒழிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். போன ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கை தேங்காய் துருவிக்கொண்டே, போட்டோக்களைச் சரிசெய்ய ஒரு மென்பொருள் வாங்கியிருப்பதாகவும், மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருப்பதாகவும், ஆனால் ரொம்ப நன்றாக இருப்பதாகவும் சொன்னாள். சும்மாதான் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"காசு குடுத்தா வாங்கினே?" என்று ஒரு குரல் கேட்டது.

தன் குரல்தான் என்பது தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தங்கை துருவுவதை நிறுத்திவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மாதிரிப் பார்வை கணவர் மேல் விழுவதை அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். தன் மேல் அது விழுந்ததில்லை. அவள் கை ஏற்கெனவே கைப்பைக்குள் இருந்தது.

சரி, அவளை விடுங்கள். உங்கள் சங்கதிக்கு வருவோம். சி.டி. நாலு துண்டாகத் தொங்கியபோது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, அழுகிறாளே என்று தோன்றுவதற்கு முன்னால், 'அந்த ஃபைலை இப்படித் திறந்திருக்கலாமே' என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதா இல்லையா? விடுதலை நிறுவியது எந்த வகையாக இருக்கும், அதைவிட நல்ல வகை ஒன்று இருக்கிறதே என்று வாய்வரை வந்ததா இல்லையா?

வந்திருந்தால், உங்கள் சாவிக்கொத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, தயவுசெய்து நீங்களும் கூடவே கிளம்பிவிடுங்கள்.